நாலாவது அத்தியாயத்தின் தடித்த எழுத்துகள்

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த அந்த ஒடுங்கிய கடையில் முன்பாதி அவளுடையது, பின்பாதி பைண்டிங்காரருடையது. முன்பாதியில் கம்ப்யூட்டர், பிரிண்டர், காகிதம் பறக்காமலிருக்க மேலே வைத்த துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டி. பின்பாதியில் பசை வாளி, நூல் கண்டு, காகிதம் வெட்டும் மிஷின். ஆராய்ச்சி மாணவர்கள் கையால் எழுதிக் கொண்டுவருவது முன்பக்கமாக நுழைந்து, கெட்டி அட்டையும் பொன்னெழுத்துமாகப் பின்பக்கத்திலிருந்து வெளியே வரும். ஊர் முழுக்க அவளுக்கு டைப் அக்கா என்று பெயர்.

அவள் படித்தது பத்தாவது வரை. கணக்குப் பரீட்சையில் தேறியதே, யாரோ ஒரு புண்ணியவான் கண்ணை மூடிக்கொண்டு திருத்தியதால்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் கணித ஆய்வேடு அடிக்க எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். அதற்குக் காரணம் அவளுடைய தம்பி. எதிரே தெரிகிற அதே கல்லூரியில் கணித ஆசிரியர். "என் தம்பி அங்கதான் இருக்கான், மாடியில மூணாவது ரூம்" என்று, கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூடத் தம்பி வாங்கிய பட்டங்களைக் கேட்காமல் படியிறங்க முடியாது.

அவனுடைய ஆய்வேடுதான் அவள் முதன்முதலில் அடித்த கணிதம். அந்தக் குறிகளுக்கு அவளுக்குப் பெயர் தெரியாது. அவன் சொல்லிக்கொடுத்த பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் அவளே பெயர் வைத்தாள். நீளமாக வளைந்து நிற்பது கொக்கி. நடுவில் கோடு போட்ட வட்டம், இடுப்பில் கயிறு கட்டின முட்டை. தலைகீழ் முக்கோணம் கவிழ்த்த கூம்பு. முடிவில்லாததைக் குறிப்பது படுத்த எட்டு. கொஞ்ச நாளில் தம்பியும் அந்தப் பாஷைக்கே வந்துவிட்டான். "கொக்கி போடு. கொக்கிக்குக் காலடில முட்டை, தலையில படுத்த எட்டு" என்று அவன் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். பசை வாளியைக் கலக்கிக்கொண்டே பைண்டிங்காரர் கேட்பார்: "என்ன அக்கா, ஆய்வேடா இல்ல மளிகை லிஸ்டா?"

திருத்துவதில் தம்பி பொல்லாதவன். சமன்பாட்டுக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் அந்தப் பக்கமே சிவந்துபோகும். மாணவர்கள் அவனுக்குப் புள்ளி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனிடமிருந்து திரும்பி வரும் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "சிவப்பு மை கம்பெனிக்காரன் உங்க தம்பிக்குச் சிலை வெப்பான்" என்பார் பைண்டிங்காரர். அவளுக்குக் கோபம் வராது. சிவப்பு இருக்கிற பக்கம் படித்த பக்கம். அவன் படித்திருக்கிறான் என்றால் அதற்கு மேல் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் தம்பி காலை காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சாய்ந்துவிட்டான். மூளையில் சின்னதாக ரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் வராந்தா பெஞ்சில் அவளும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். அழவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, வரவில்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் அது யாருடைய காலோ போல இருக்குமே, அப்படி இருந்தது உள்ளே. அது சரியாகிவிடும் என்று நினைத்தாள். சரியாகவில்லை. தம்பி வீடு திரும்பிய பிறகும் அது அப்படியே இருந்தது.

தம்பிக்கு மட்டும் எல்லாம் சரியாகிவிட்டது. நடந்தான். பேசினான். கிண்டல் குறையவில்லை. டாக்டர் பெயர் கேட்டார், சொன்னான். கிழமை கேட்டார், சொன்னான். கையைத் தூக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கி, "போதுமா சார், சரணடையணுமா?" என்றான். பேப்பரைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்தான். மருந்துக்கடையில் பில் போடும் தம்பி மனைவி, மாத்திரை வாங்க வந்தவர்களிடமெல்லாம், "அவருக்கு நல்லாயிடுச்சு, பழைய மாதிரியே ஆயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பதிப்பகத்திலிருந்து புத்தகம் திரும்பி வந்தது. தம்பி விழுவதற்கு முன்பே எழுதி முடித்து, அவளே அடித்துக் கொடுத்த பாடநூல். ஒரேயொரு குறை சொல்லியிருந்தார்கள். பத்தியில் இருக்கிற எழுத்து ஒரு மாதிரியும் சமன்பாட்டில் இருக்கிற எழுத்து இன்னொரு மாதிரியும் இருக்கிறதாம். இரண்டும் ஒரே எழுத்துருவில், அவர்கள் சொன்ன எழுத்துருவில், இருக்கவேண்டுமாம்.

கேட்பதற்கு அது ஒன்றுமில்லாத வேலை. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் முதலில் அதைத்தான் செய்தாள். பத்திகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு மாறின. சமன்பாடுகள் மட்டும் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன. சமன்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பவை வெளிக்கட்டளைக்குக் கட்டுப்படாது. ஒவ்வொன்றாக உள்ளே போய், இது கணிதமல்ல, சாதாரண எழுத்துதான் என்று அதற்குச் சொல்லவேண்டும். அப்படிச் சொன்ன மறுகணம் எழுத்துரு மாறும். கூடவே சாய்ந்திருந்த எழுத்துகள் எல்லாம் நிமிர்ந்துவிடும். தடித்த எழுத்துகள் மெலிந்துவிடும். பிறகு பழைய பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது சாய்ந்திருந்ததோ அதைச் சாய்த்து, எது தடித்திருந்ததோ அதைத் தடிக்கவைக்க வேண்டும்.

"மாத்திடுக்கா" என்றான் தம்பி. "அத்தியாயம் அத்தியாயமா அனுப்பு. நான் பாத்துடறேன்."

அவள் தனக்கென்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டாள். ஓர் அத்தியாயத்தை எடுத்தால் முதல் சுற்றில் எல்லாச் சமன்பாடுகளின் எழுத்துருவையும் மாற்றுவாள். இரண்டாவது சுற்றில் சாய்வு. மூன்றாவது சுற்றில் தடிப்பு. ஒரே தடவையில் மூன்றையும் செய்தால் கண் ஏமாற்றும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொல்லமுடியாது. ஆனால் அதைச் செய்யும்போது உள்ளே மரத்துக்கிடந்தது தொந்தரவு செய்யவில்லை. உள்ளே போ, மாற்று, வெளியே வா. அடுத்தது. பக்கத்தில் இடிவிழுந்தாலும் கேட்காது.

முதல் அத்தியாயம் தம்பி வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு சிவப்பு டிக். வேறு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவது அத்தியாயமும் அப்படியே. மூன்றாவதும்.

பைண்டிங்காரர் பக்கங்களைப் புரட்டிப்பார்த்து விசிலடித்தார். "அக்கா, கடைசியில நீங்க பாஸாயிட்டீங்க! புள்ளி சாரே குறை சொல்லலன்னா அப்புறம் என்ன?"

"அவன்தானே இத்தனை வருஷம் கத்துக்கொடுத்தான்" என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அந்த மூன்று அத்தியாயங்களையும் எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று, தூரத்தில் யார் வீட்டிலோ ரேடியோ பாடுவதுபோல, அவளுக்குக் கேட்டது.

அந்த டிக்குகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தம்பியை வகுப்புக்குத் திரும்ப அனுமதிக்கலாமா என்று கல்லூரியில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். ஆனால் துறைத்தலைவி, நரைத்த தலையும் நிதானமான பேச்சுமாக இருக்கும் அந்த மேடம், தம்பி மனைவியிடம் சொல்லியிருந்தார்: "புத்தக ப்ரூஃபை அவர்தானே பாத்துக்கிட்டிருக்காரு? முடிச்சுக் கொண்டுவாங்க. அது போதும், திங்கக்கிழமையிலேர்ந்து வரட்டும்." தம்பி மனைவி நாள்தோறும் போன் பண்ணினாள். "அண்ணி, எந்த அத்தியாயம் வரைக்கும் வந்திருக்கு? கட்டு முழுசா சேந்ததும் சொல்லுங்க, நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

கட்டு சேர்ந்தது. கடைசி அத்தியாயமும் டிக்கோடு வந்துவிட்டது. சனிக்கிழமை காலை அவள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, பக்க எண்களைச் சரிபார்த்தாள். புதிய எழுத்துரு கொஞ்சம் குறுகலானது. அதனால் வரிகள் மேலேறி, சில பக்கங்கள் பழையதைவிட முன்னதாக முடிந்தன. எங்கே முறிகிறது என்று பார்க்கப் பழைய கட்டையும் புதிய கட்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தாள்.

நாலாவது அத்தியாயத்தில் கை நின்றது.

பழைய பக்கத்தில் ஒரு வரி. அந்த வரியை அவள் மறக்கமாட்டாள். முதல் தடவை அடித்தபோது அதற்காகத் தம்பி அவளைப் பிலுபிலுவென்று பிடித்திருந்தான். "தடியா இருக்கறதுக்கு திசை உண்டுக்கா. ஒல்லியா இருக்கறது வெறும் நீளம். ரெண்டும் ஒரே எழுத்துதான், ஆனா அண்ணன் தம்பி மாதிரி, ஆள மாத்திக் கூப்பிட்டா சண்ட வரும்." பழைய பக்கத்தில் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் ஒழுங்காக இருந்தன. புதிய பக்கத்தில் இரண்டும் மெலிந்து, இரட்டைப் பிள்ளைகள்போல நின்றன.

அடுத்த பக்கம். அதுவும். அதற்கடுத்ததும். அத்தியாயம் முழுவதும் ஒரு தடித்த எழுத்துகூட இல்லை. மூன்றாவது சுற்றை அவள் செய்யவே இல்லை. விண்ணப்பம் அடிக்கக் கூட்டம் நெருக்கிய வாரம் அது. இரண்டாவது சுற்றை முடித்துவிட்டு, மூன்றையும் முடித்ததாக நினைத்து மூடியிருக்கிறாள். மறுபடி பார்க்கவுமில்லை. தம்பி பார்க்கத்தானே போகிறான்.

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சிவப்பு டிக் இருந்தது. அழகான, வால் நீண்ட டிக்.

அவள் கை தானாகக் கட்டின் ஓரங்களைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தது. "என்ன அக்கா, பேயறைஞ்ச மாதிரி?" என்றார் பைண்டிங்காரர். "ஒண்ணுமில்ல. கடையப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, நாலாவது அத்தியாயத்தின் இரண்டு பிரதிகளையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

தம்பி வீட்டில் தனியாக இருந்தான். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாக்கா வா. காலிங் பெல்ல மதிக்காத ஒரே ஆள் நீதான்." கையைத் துண்டில் துடைத்தான். "என்ன, அடுத்த அத்தியாயமா? எல்லாம் முடிஞ்சுதே."

"இல்லடா. நாலாவதுல ஒரு வரி. பாரு."

புதிய பக்கத்தை நீட்டினாள். முன்பெல்லாம் பக்கத்தை வாங்கும்போதே பேனா மூடி அவன் வாய்க்குப் போய்விடும். இப்போது சூடான தட்டைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் ஓரமாகப் பிடித்துக்கொண்டான். கட்டைவிரல் வரியோரமாக நகர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கு."

"இதுல திசை எது, நீளம் எது?"

கட்டைவிரல் மறுபடி வரியின் ஆரம்பத்துக்கு வந்தது. "எல்லாம் ஒரே மாதிரிதானேக்கா இருக்கு."

அவளுக்கு மூச்சு வந்தது. "அதான்டா! அதத்தான் கேக்கறேன். போல்டு போடாம விட்டுட்டேன். அத்தியாயம் முழுக்க. நீயும் எப்படியோ விட்டுட்ட. மாத்திரை போட்டுட்டுப் பாத்தியா? இங்க பாரு, இப்படி இருக்கணும்." பழைய பக்கத்தை எடுத்து மேசையில் அருகில் வைத்தாள்.

அவன் குனிந்து பழையதைப் பார்த்தான். புதியதைப் பார்த்தான். மறுபடி பழையதை.

"ஆமா. இது தடியா இருக்கு."

"தடியா இருந்தா?"

தொட்டியில் குழாய் சரியாக மூடவில்லை. தண்ணீர் ஒரு தட்டின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் போய்க் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"தடியா இருக்குன்னு தெரியுதுக்கா. தடியா இருந்தா என்னன்னு தெரியல."

புதிய பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"வார்த்தையெல்லாம் வருது. இந்தா, 'எனவே இப்புள்ளியிலிருந்து' அப்படின்னு போட்டிருக்கு. படிக்கறேன். அப்புறம் இது வருது." சமன்பாட்டின்மேல் விரலை வைத்தான். "இது வந்தா கதவு சாத்தின மாதிரி. உனக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான் எனக்கும் தெரியுது. கொக்கி. முட்டை. கவிழ்த்த கூம்பு. அவ்வளவுதான்." சிரிக்கப் பார்த்தான். "நீ வெச்ச பேர் மட்டும் மிச்சம். நான் படிச்ச பேர் ஒண்ணும் இல்ல."

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து முதல்ல புத்தகத்தைத் திறந்தேனே, அப்பலேர்ந்து."

"டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"அவர் பேர் கேட்டாரு, கிழமை கேட்டாரு. ஒரு சமன்பாடாவது எழுதிக் காட்டினாரா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "திரும்பி வந்துடும்னு நெனச்சேன். இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி. அதுவரைக்கும் டிக் போட்டு அனுப்புவோம்னு."

"தப்பா இருந்தா என்ன பண்றதாம்?"

"நீ அடிச்சதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சேன்."

"நீ பாப்பேன்னு நான் பாக்கலடா" என்றாள் அவள்.

இரண்டு பக்கங்களும் மேசைமேல் கிடந்தன. அவனுக்கு அழுகை வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. காப்பி போடட்டுமா என்று கேட்டான். போடு என்றாள். குடித்தார்கள்.

"அவ சாயங்காலம் கட்ட வாங்க வருவா" என்றாள். "குடுக்கவா, வேணாமா?"

"நீ பெரியவ. நீ சொல்லு."

"வகுப்புல நிக்கப்போறது நீ."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "போர்டு முன்னால நின்னா பசங்க என் முதுகத்தான் பாப்பாங்க. நான் போர்டைப் பாக்கணுமே" என்றான். அவள் இரண்டு பிரதிகளையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம் தம்பி மனைவி வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். மருந்து வாசனை அடித்தது. துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டே படியேறினாள்.

"கட்டு ரெடியா அண்ணி?"

"உக்காரும்மா."

"உக்கார நேரமில்ல. மேடம் வீடு கிட்டத்துலதான், இப்பவே போய்க் குடுத்துடறேன்."

"கட்டைக் குடுக்கறதுக்கில்ல" என்றாள் டைப் அக்கா. நாலாவது அத்தியாயத்தைப் பிரித்து, பழையதையும் புதியதையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். தம்பி சொன்னதையும் சொன்னாள். சுருக்கமாக, விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். பின்பாதியில் வெட்டு மிஷின் நின்றுபோயிருந்தது.

தம்பி மனைவி முகம் இறுகியது. "போல்டு போடாம விட்டது யாரு?"

"நான்."

"அப்ப உங்க தப்பு. அத மறைக்க அவருக்குப் புத்தி போச்சுன்னு சொல்வீங்களா?"

"அவனே சொன்னாம்மா."

"அவரு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எல்லாத்தையும் உங்ககிட்டத்தான் சொல்வாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தானே!" பையைச் சுருட்டினாள், பிரித்தாள். அவள் குரல் இறங்கியது. "அண்ணி, அந்தப் போல்டைப் போட்டுடுங்க. உங்களுக்கு இது எவ்வளவு நேரம்? போட்டுட்டா பக்கம் சரியாயிடும். டிக்கும் சரியாயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

டைப் அக்காவுக்குக் காலையிலிருந்து தோன்றிக்கொண்டிருந்ததும் அதுதான். சுற்று ஒன்று பாக்கி. அதைச் செய்து, அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி அச்செடுத்து, மூலையில் டிக் போட அவனிடமே கொடுத்தால் போடுவான். எல்லாம் நேராகிவிடும். தம்பி மறுபடியும் மாடியில் மூன்றாவது அறையில் இருப்பான். வருகிறவர்களிடம் அவள் சொல்லலாம்.

"திங்கக்கிழம முதல் பீரியட்ல ஒரு பையன் எழுந்து கணக்கு கேப்பாம்மா" என்றாள். "அங்க போய் நான் போல்டு போட முடியாது."

தம்பி மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எல்லார்கிட்டயும் நல்லாயிட்டாருன்னு சொல்லிட்டேனே" என்றாள். பிறகு எழுந்து, காலிப் பையோடு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் இறங்கிப் போனாள். பைண்டிங்காரர் ஒரு கேலியும் செய்யவில்லை. அவர் கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டைப் அக்காவுக்குத் தோன்றியது.

என்ன செய்வதென்று அவள் முடிவு செய்வதற்குள் தம்பியே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை, கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையும் வகுப்புக்குப் போடும் செருப்புமாகக் குனிந்து நுழைந்தான்.

"கட்ட எடுக்கா. மேடம் வீட்டுக்குப் போவோம்."

"அவ?"

"அவகிட்ட சொல்லிட்டேன். பேசல. சட்டைய மட்டும் இஸ்திரி போட்டுக் குடுத்தா."

கட்டை அவள்தான் தூக்கிக்கொண்டாள். அவன் கேட்டான், கொடுக்கவில்லை.

துறைத்தலைவி வாசலிலேயே இருந்தார், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு. "அடடே, நீங்களே வந்துட்டீங்களா, உள்ள வாங்க" என்று அவனைப் பார்த்து மலர்ந்து, பிறகு அவளைப் பார்த்து, "நீங்கதான் அக்காவா? உங்களப் பத்தி நிறையச் சொல்வாரு" என்றார். தம்பி தன்னைப் பற்றி வெளியில் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ள இது நேரமுமில்லை.

கூடத்து மேசையில் கட்டை வைத்தாள். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலேயிருந்து புரட்டினார். டிக்குகளைப் பார்த்து, "நல்லது, நல்லது" என்றார். நாலாவது அத்தியாயத்தில் அவர் கையும் நின்றது. ஒரு பக்கம் பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தார்.

"இதுல..."

"போல்டு விட்டது நான் மேடம்" என்று ஆரம்பித்தாள் டைப் அக்கா.

"இருக்கா" என்றான் தம்பி. "மேடம், நான் அதப் படிக்கல. எதையுமே படிக்கல. படிக்க முடியல. டிக் மட்டும் போட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவனையே பார்த்தார். ஏதாவது எழுதிக்காட்டிச் சோதித்துப் பார்ப்பார் என்று அவள் பயந்தாள். அவர் அப்படிச் செய்யவில்லை. பக்கங்களை ஒழுங்காக அடுக்கிக் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சா?"

"நாளைக்கிப் போறோம்" என்றாள் அவள். போவதென்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

"லீவை நீட்டிக்கச் சொல்றேன். டைம்டேபிள்ல பேர் போட்டாச்சு, அத எடுத்துடறேன்." கண்ணாடியை மடித்தார். "நீட்டிக்கிறது எவ்வளவு நாளைக்குன்னு எனக்கே தெரியல. பொய் சொல்ல விரும்பல."

"சரி மேடம்" என்றான்.

"புத்தகம் வரட்டும். உங்க பேர்லதான் வரும். அக்கா திருத்தி முடிச்சதும் நானே உக்காந்து சமன்பாட்டைப் பாக்கறேன்."

அவன் தலையாட்டினான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார் மேடம். குடித்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். தெருவில் இரண்டு மாணவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி, "சார், நாளையிலேர்ந்து வர்றீங்களாமே!" என்றார்கள். "இல்லப்பா, இப்ப இல்ல" என்றான் தம்பி. அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டைப் அக்கா கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று நடந்தாள். நாளைக் காலையில் யாராவது கேட்டால், என் தம்பி அங்கே இருக்கிறான் என்று இனியும் சொல்வதா என்று யோசித்தாள். யோசனை முடியவில்லை, கடை வந்துவிட்டது.

டாக்டர் இந்தத் தடவை படங்களை விளக்கில் பிடித்துப் பார்த்தார். திரும்பலாம் என்றார், திரும்பாமலும் போகலாம் என்றார். பயிற்சிக்கு ஆள் சொன்னார். தம்பி மனைவி கூட வந்திருந்தாள். டைப் அக்காவோடு பேசவில்லை. ஆனால் ஆட்டோவில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தம்பி கடைக்கு வர ஆரம்பித்தான். முதல் இரண்டு நாள் பைண்டிங்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். அவர் அவனை நூல் கோக்க வைத்தார். "புள்ளி சார், நீங்க தைக்கறது சமன்பாடு மாதிரியே கோணலா இருக்கு" என்றார். கேலி கடைக்குத் திரும்பிவிட்டது. தம்பி சிரித்தான்.

அவள் நாலாவது அத்தியாயத்தைத் திறந்து மூன்றாவது சுற்றை ஆரம்பித்தாள். பழைய பக்கத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்ததில் கண் எரிந்தது. ஒரு சமன்பாட்டை முடித்து அடுத்ததைத் தேடுவதற்குள் இடையில் இருக்கிற பத்திகளில் பார்வை தொலைந்துபோயிற்று.

"பழைய கட்டை இப்படிக் குடு" என்றான் தம்பி. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "எழுத்தா இருக்கறத நான் படிக்கறேன். மத்தது வந்தா சொல்றேன். நீ அத மட்டும் பாரு."

படித்தான். வகுப்பில் படிக்கிற குரல். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்றவேண்டிய இடத்தில் ஏற்றி, சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தன. பின்பாதியில் பைண்டிங்காரர்கூட மிஷினை நிறுத்திக் கேட்டார். எனவே இப்புள்ளியிலிருந்து அளக்கப்படும் தொலைவும் திசையும் சேர்ந்து, என்று வந்தபோது குரல் நின்றது.

"இங்க ஒண்ணு இருக்குக்கா."

அவள் உள்ளே போய், இடப்பக்க எழுத்தைத் தேர்ந்தெடுத்து, தடிக்கவைத்து, பழைய பக்கத்தைப் பார்த்துச் சரி என்றாள். அவன் விரலை அதற்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தான்.

"ஆச்சு. மேல படி."

படித்தான். பிறகு நின்றான்.

"இங்க ஒண்ணு."